விளக்கும் விளக்கப்படமும்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பள்ளிப் பாடத்தில் படித்த 'கைவிளக்கேந்திய காரிகை'தானே? அந்தக் கையில் ஸ்கேலும் காம்பஸும் கொடுத்துப் படம் போட்டிருக்கணும் என்பது என் கட்சி!

1820-ல் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கணக்கு என்றால் உயிர். நர்ஸ் வேலைக்கு வீட்டில் ஒப்பவில்லை, பிடிவாதமாகப் போனார்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூடாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்தார். ராப்பகலாக உழைத்தும் சாவு குறையவில்லை. கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு அதைச் சுத்தம் செய்த பிறகுதான் சாவு மளமளவென்று இறங்கியது.

ஊர் திரும்பியதும் ராணுவத்தின் சாவுக் கணக்கை எடுத்து வைத்து உட்கார்ந்தார். துணைக்கு வில்லியம் பார் என்ற புள்ளியியல் நிபுணர். 1855 ஜனவரியில் மட்டும் காயத்தால் செத்தவர்கள் 83 பேர். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் 2,761 பேர்!

ஆனால் அட்டவணையை எந்த மந்திரி உட்கார்ந்து படிப்பார்? பாருக்கோ புள்ளிவிவரம் வறட்சியாக இருந்தால்தான் திருப்தி. அந்தம்மா கேட்கவில்லை. வட்டத்தை 12 மாதங்களாகப் பிரித்தார். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் நீலம்தான் கண்ணில் அறையும்.

இதில் டிராயிங் கிளாஸ் ஆசாமிகளான நமக்கு ஒரு விஷயம் உண்டு. முதலில் போட்ட படத்தில் எண்ணிக்கையை ஆரத்தின் நீளமாக வைத்துவிட்டார். ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு ஆகிவிடுமே! நோய்ச்சாவு உள்ளதைவிடப் பூதாகரமாகத் தெரிந்தது. தப்பு அவருக்குச் சாதகமான தப்புதான். சும்மா விட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இருந்தாலும் பிழைத்திருத்தச் சீட்டு வைத்து, பரப்பே எண்ணிக்கையைக் காட்டும்படி திரும்ப வரைந்தார். 1858-ல் வெளிவந்தது. அப்படியும் நீலம் பெரிதாகவே நின்றது!

அரசி முதல் தளபதி வரை அச்சுப் பிரதிகள் போயின. போர் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றுகூடப் பிடிவாதம் பிடித்தார். அவரும் நண்பர்களும் விடாமல் நெருக்கியதில் படைவீடுகளில் சாக்கடை, காற்றோட்டம், குடிநீர் எல்லாம் சீரமைக்கப்பட்டன. 1860-ல் ராணுவ மருத்துவப் பள்ளி தொடங்கியது. பிறகு இந்தியப் படைமுகாம்களின் கணக்கையும் கேட்டு வாங்கினார். இத்தனைக்கும் இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. பல வருஷம் படுக்கையில் இருந்தபடியே வேலை பார்த்தவர்.

படம் வெளியான அதே 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர்தான் முதல் பெண் உறுப்பினர். 1910-ல், 90 வயதில் மறைந்தார்.