கர்னல் வெல்ஷின் டைரி

1802-ம் வருஷம், பிப்ரவரி மாதம். தூத்துக்குடிக் கடலில் ஒரு கப்பல் நங்கூரமிட்டு நின்றது. முத்தும் சங்கும் ஏற்றிப் பழகிய துறைமுகம் அது. அன்று அங்கே ஏற்றப்பட்ட சரக்கு வேறு. விலங்கு பூட்டிய எழுபதுக்கு மேற்பட்ட மனிதர்கள்! பாளையக்காரர் யுத்தத்தில் தோற்றவர்கள். ஆயுள் முழுவதும் பினாங்குத் தீவில் கழிக்க வேண்டுமென்று கும்பினி சர்க்காரால் தண்டிக்கப்பட்டவர்கள். அவர்களிடையே மீசை அரும்பாத பையன் ஒருவனும் இருந்தான். வயது 15. பெயர் துரைசாமி. சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருதுவின் கடைசி மகன்.

அவனைக் காவலில் வைத்திருந்த வெள்ளைக்கார அதிகாரிக்கு அவனுடைய தகப்பனாரை நன்றாகத் தெரியும். அவரிடம்தான் அந்த அதிகாரி ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டார். குருவைத் தூக்கிலிட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் குருவின் மகனை நாடு கடத்தும் வேலை சிஷ்யனின் தலையில் வந்து விழுந்தது. பையனின் விலங்கைச் சற்று இலகுவாக்கினார், அன்பாக நடத்தினார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த அதிகாரிதான் ஜேம்ஸ் வெல்ஷ். பாஞ்சாலங்குறிச்சியின் சரித்திரத்தைப் படித்தவர்கள் இந்தப் பெயரைச் சந்திக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஊமைத்துரையைப் பற்றி இன்று நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளில் பல, அவரை எதிர்த்துச் சண்டையிட்ட இந்த மனிதரின் டைரியிலிருந்து வந்தவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆரஞ்சும் வளரியும்

வெல்ஷ் ஸ்காட்லாந்துக்காரர். 1775-ல் பிறந்தவர். 1791-ல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு 16 வயதுகூட நிறையவில்லை. 1793-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்த படையில் இருந்தார். பிறகு டச்சுக்காரரை எதிர்த்து இலங்கைக்கும் போய் வந்தார். தூத்துக்குடியும் அப்போது டச்சுக்காரர் வசம் இருந்த ஊர்தான். 1795-ல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

எங்கே போனாலும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்டதையும் கேட்டதையும் குறித்து வைப்பார். கண்ணில் பட்ட கோட்டையையும் மலையையும் படமாக வரைந்து கொள்வார்.

1795-ல் மதுரையில் இருந்த நாட்களில்தான் மருது சகோதரர்களின் சிநேகம் ஏற்பட்டது. பெரிய மருதுவுக்கு ராஜ்ய காரியங்களில் நாட்டமில்லை, வேட்டைதான் உயிர். ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரல்களாலேயே வளைத்துவிடும் பலசாலி என்று டைரி சொல்கிறது. தம்பி சின்ன மருதுவோ கண்ணசைவில் நாட்டை நடத்தியவர். ஆனாலும் அவருடைய அரண்மனை வாசலில் காவல் இல்லை. யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். இதைக் கண்டு வெல்ஷ் அதிசயித்தார். நல்ல அரிசியும் பழங்களும், குறிப்பாகத் தடித்த தோலுடைய இனிப்பான ஆரஞ்சுகளும் அவருக்கு அங்கிருந்து வந்துகொண்டே இருந்தன. வளரி வீசக் கற்றுக் கொடுத்தவரும் சின்ன மருதுதான். கை தேர்ந்தவன் வீசினால் 100 கஜ தூரத்துக்குள் குறி தப்பாது என்று சிஷ்யர் எழுதி வைத்திருக்கிறார்.

விருந்து நடந்த இரவு

1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. தம்பிமார் பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டார்கள். அத்துடன் கதை முடிந்தது என்று கும்பினியார் நினைத்தார்கள்.

1801 பிப்ரவரி 2-ந் தேதி இரவு. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்து நடந்து கொண்டிருந்தது. (இந்த மெக்காலே, நம் நாட்டில் ஆங்கிலப் படிப்பைப் புகுத்திய மெக்காலேயின் பெரியப்பா.) துரைமாரும் துரைசானிகளும் உணவருந்திக் கொண்டிருந்த அந்த நேரத்தில், கோட்டைக்குள் இருந்த கைதிகள் தப்பிவிட்டார்கள்! கைதிகளிடையே பெரியம்மை கண்டிருந்ததால் சில நாட்களுக்கு முன்புதான் விலங்குகளைக் கழற்றியிருந்தார்கள். மாறுவேடத்தில் வந்த ஆட்கள் காவற்காரர்களை மடக்க, ஊமைத்துரையும் கூட்டாளிகளும் வெளியேறினார்கள். வழியில் இருந்த காவல்களையெல்லாம் நிராயுதபாணிகளாக்கிவிட்டு, சுமார் 30 மைல் ஓடி, பொழுது விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள்.

மெக்காலே படை திரட்டிக்கொண்டு ஒரு வாரத்துக்குள் பின்னால் போனார். வெல்ஷும் உடன் போனார். அங்கே கண்ட காட்சியை அவரால் நம்ப முடியவில்லை. இடித்துத் தள்ளிய கோட்டை மறுபடியும் எழுந்து நிற்கிறது! மண் சுவர், சுற்றிலும் முள்வேலி, சுவரின் மேல் நூற்றுக்கணக்கில் வீரர்கள். ஆறே நாளில் எழும்பிய கோட்டை அது. கையில் இருந்த படை போதாது என்று கண்ட மெக்காலே வந்த வழியே திரும்பினார்.

இதற்கிடையில் பாளையக்காரர்கள் தூத்துக்குடிக் கோட்டையையே பிடித்துவிட்டார்கள். கும்பினிக்கு அது பலத்த அடி. கடல் வழியாக வரும் சாமான்களுக்கு அதுவே வாசல். பிடிபட்ட வெள்ளைக்காரர்களை அவர்கள் கொல்லவில்லை, விட்டுவிட்டார்கள். ஓர் அதிகாரியின் மனைவி பாஞ்சாலங்குறிச்சிக்கே போய் மன்றாட, ஊமைத்துரை அவருடைய கணவரை விடுதலை செய்து அனுப்பினார்.

கோட்டைக்கு எதிரே இரண்டு மாதம்

1801 மார்ச் 31-ந் தேதி நடந்த தாக்குதலைப் பற்றிய பக்கங்கள்தான் அந்த டைரியிலேயே கனமானவை. பீரங்கியால் சுவரில் ஒரு பிளவு உண்டாக்கினார்கள். சோல்ஜர்கள் அதன் வழியாக ஏறினார்கள். ஏறியவர்கள் திரும்பவில்லை. பின்னால் ஏறியவர்களும் விழுந்தார்கள். எதிரி மட்டும் கண்ணில் படவில்லை. கொத்தளங்களின் உட்புறத்தைக் குடைந்து வைத்து, கீழே மறைந்து நின்ற வீரர்கள், மிக நீண்ட ஈட்டிகளால் மேலே வருகிறவர்களைக் குத்தித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கோட்டை பிடிபட்ட பின் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் இந்தச் சூட்சுமம் வெல்ஷுக்கு விளங்கிற்று. அன்றைக்கு அவருக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் தம்முடன் பேசிக்கொண்டிருந்த இளம் அதிகாரிகள் மாலையில் இல்லை என்பதுதான்.

அதன்பின் உதவிப் படை வரும் வரையில் காத்திருப்பு. சித்திரை வெயிலில், கரிசல் காட்டில், மண்மேடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பீரங்கிகள் வர வேண்டும். மலபாரிலிருந்து பட்டாளம் வர வேண்டும். எதிரி மட்டும் காத்திருக்கவில்லை. மழை கொட்டி, துப்பாக்கி மருந்து நனைந்து கிடக்கும் வேளை பார்த்து ஈட்டிக்காரர்கள் வெளியே பாய்வார்கள். முற்றுகை இட்டது யார், முற்றுகைக்கு உள்ளானது யார் என்றே சொல்ல முடியாத நிலை!

அந்த நாட்களில்தான் ஊமைத்துரையின் உருவம் டைரியில் ஏறியது. உயரமான, ஒல்லியான, நோயாளி போன்ற இளைஞர். பேச்சு வராது. ஜனங்களோ அவரைச் சாமி என்று வணங்கினார்கள். அவர் கட்டளையிடும் விதத்தை வெல்ஷ் அழகாக விவரித்திருக்கிறார். சில துரும்புகளை உள்ளங்கையில் வைப்பார். அவைதான் வெள்ளைக்காரப் பட்டாளம். மற்றக் கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்தெறிவார். வாயால் ஊதுகிற ஓசை எழுப்புவார். தாக்குதலுக்கு உத்தரவாகிவிட்டது! முதலில் பாய்கிறவரும் பெரும்பாலும் அவரே.

கர்னல் அக்னியூ பெரும்படையுடன் வந்த பிறகு, மே 24-ந் தேதி கோட்டை விழுந்தது. வீரர்கள் கூட்டமாக வெளியேற, குதிரைப்படை விரட்டி விரட்டி வெட்டியது.

அன்று நடந்த ஒரு சம்பவத்தை வெல்ஷ் பிற்பாடு கேட்டறிந்து எழுதியிருக்கிறார். பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி போர்க்களத்தில் தன் மகனைத் தேடி வந்தாள். குற்றுயிராகக் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகே காயத்துடன் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி அவளிடம் கேட்டுக்கொண்டான். அவளும் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையை வீட்டுக்குக் கொண்டு போனாள். எட்டையபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் ஒரு துணியை எடுத்து அவர்மேல் போர்த்தி, பெரியம்மையில் செத்துப்போன பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மைக்குப் பயந்து வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். சிறையில் விலங்கைக் கழற்றிய அதே நோயின் பெயர் இரண்டாம் முறையும் அவரைக் காப்பாற்றியது.

ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருதுகளுடன் சேர்ந்தார். சண்டை அங்கே மாறியது. அக்டோபரில் மருது சகோதரர்கள் பிடிபட்டு, 24-ந் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். காவலற்ற அரண்மனையில் வாழ்ந்த சின்ன மருது, காட்டு மிருகத்தைப் போல வேட்டையாடப்பட்டு, தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்டதை வெல்ஷ் வேதனையுடன் எழுதுகிறார். ஆனால் அவரும் அந்த வேட்டைப் படையைச் சேர்ந்தவர்தான். அதையும் நாம் மறந்துவிடக் கூடாது. நவம்பர் 16-ல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். ஊரின் பெயர்கூட சர்க்கார் கணக்குகளிலிருந்து நீக்கப்பட்டது.

பினாங்கில் வந்த கிழவர்

பிற்கால உத்தியோகத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1803-ல் மராட்டிய யுத்தத்தில் வெல்லெஸ்லியின் கீழ் பணி. 1806-ல் வேலூர்க் கலகத்தின் பீதி பரவியிருந்தபோது, பாளையங்கோட்டையிலும் சதி இருப்பதாகச் சந்தேகித்து, முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பிடுங்கிக் கோட்டைக்கு வெளியே விரட்டினார். அவசர புத்தி என்றே சொல்ல வேண்டும். அதற்காக ராணுவக் கோர்ட்டின் முன் நின்று விடுதலையானார். 1809 பிப்ரவரி 10-ல் வேலுத்தம்பியின் படைகளுக்கு எதிராக ஆரல்வாய்மொழி அரணைத் தாக்கிப் பிடித்ததும் அவரே.

நாற்பது வருஷ டைரியிலிருந்து எடுத்துத் தொகுத்து, 1830-ல் லண்டனில் இரண்டு பாகங்களாக ‘மிலிட்டரி ரெமினிசென்சஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அவர் வரைந்த படங்கள் தொண்ணூறுக்கு மேல் அதில் இருக்கின்றன. ஜெனரல் பதவி வரை உயர்ந்து, 1861-ல் இங்கிலாந்தில் பாத் நகரில் காலமானார். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் தமிழக அரசு நினைவுக் கோட்டை எழுப்பியது. அவருடன் வந்து மாண்ட சோல்ஜர்களின் கல்லறைகளும் அந்த ஊரில் உண்டு.

அந்தப் புத்தகத்தில், சின்ன மருதுவைப் பற்றிய பகுதியிலேயே 1818-ல் நடந்த ஒரு விஷயமும் வருகிறது. வெல்ஷ் அப்போது பினாங்குக்குப் போயிருந்தார். தளர்ந்து, கூனிக் குறுகிய கிழவர் ஒருவர் அவரைத் தேடி வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று விசாரித்தார். வந்தவர் தம் பெயரைச் சொன்னார். துரைசாமி! நெஞ்சில் கத்தி பாய்ந்தது போலிருந்தது வெல்ஷுக்கு. தூத்துக்குடியில் அவர் கண்ணெதிரே கப்பலேறிய பையன்தான் அது.

அந்தக் கிழவருக்கு அப்போது வயது 31.