சிவசங்கரநாராயண பிள்ளை

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (ஏப்ரல் 5, 1901 – ஆகஸ்ட் 31, 1950) எண் கோட்பாட்டில் புகழ்பெற்ற இந்தியக் கணிதவியலர். எஸ். எஸ். பிள்ளை என்றும் அறியப்படுகிறார். இவரது முக்கிய கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் பணியாற்றிய காலத்தவை.

வாழ்க்கை

இன்றைய தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டைக்கு அருகிலுள்ள வல்லத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் தாயையும் பள்ளிப் பருவத்தின் இறுதியில் தந்தையையும் இழந்தார். ஓர் ஆசிரியரின் உதவியால் படிப்பு தொடர்ந்தது. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1929இல், அவ்வாண்டு தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1941 வரை அங்கிருந்தார். பின்னர் திருவாங்கூர், கல்கத்தா, சென்னைப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார்.

வேரிங் பிரச்சினை

மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கக்கூடிய புதிர் இது. 23 என்ற எண்ணைக் கன எண்களின் (1, 8, 27, ...) கூட்டுத்தொகையாக எழுத வேண்டும். 27 பெரியது, ஆகவே இரண்டு 8களும் ஏழு 1களும், மொத்தம் ஒன்பது உறுப்புகள் தேவை. எந்த நேர்ம முழு எண்ணுக்கும் ஒன்பது கனங்களுக்கு மேல் வேண்டியதில்லை. மற்றப் படிகளுக்கு இவ்வெல்லை என்ன? 1770இல் எட்வர்டு வேரிங் எழுப்பிய கேள்வியிலிருந்து பிறந்தது இது.

ஆறாம் படி எண்கள் 1, 64, 729 என்று செல்கின்றன. 703ஐ எழுதப் பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும், ஆக 73 உறுப்புகள் தேவை. இதைப் பள்ளி மாணவரும் காணலாம். ஆனால் எல்லா எண்களுக்கும் 73 போதும் என்று நிறுவுவது மிகக் கடினம். கணினி இல்லாத அக்காலத்தில், 1940இல் பிள்ளை அதை நிறுவினார். ஏழு முதலான படிகளுக்கு, ஒரு நிபந்தனைக்குட்பட்ட விடையை 1930களின் நடுவிலேயே கண்டிருந்தார். அமெரிக்கரான டிக்சனும் தனித்து அதே முடிவை அடைந்தார்.

தொடர் எண்கள்

24, 25, 26, 27, 28 ஆகியவற்றில் 25க்கு மற்ற நான்கோடும் 1 தவிர வேறு பொது வகுஎண் இல்லை. அடுத்தடுத்து வரும் எண்கள் 16 வரை எத்தனை எடுத்தாலும், அவற்றுள் இத்தகைய எண் ஒன்றாவது இருக்கும் என்று பிள்ளை காட்டினார். 17 எண்களில் இது பொய்த்துவிடும். 2184 முதல் 2200 வரை சோதித்துப் பார்க்கலாம்: 2189க்குத் துணை 2200 (இரண்டும் 11இன் மடங்குகள்), 2197க்கு 2184 (13இன் மடங்குகள்).

மறைவு

1950இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தின் அழைப்பை ஏற்றும், ஹார்வர்டில் கூடிய அனைத்துலகக் கணித மாநாட்டில் பங்கேற்கவும் அமெரிக்கா புறப்பட்டார். எகிப்தில் கெய்ரோ அருகே விமானம் விழுந்து உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 49.

ஐந்தாம் படிக்கு 37 என்பதைச் சீனரான சென் சிங்ருன் 1964இல் நிறுவினார். எஞ்சி நின்ற நான்காம் படிக்கு 19 என்பதை, சென்னையைச் சேர்ந்த இரா. பாலசுப்பிரமணியன் இரு பிரெஞ்சுக் கணிதவியலருடன் சேர்ந்து 1986இல் நிறுவினார். 79ஐ 16களாகவும் 1களாகவும் பிரித்துப் பார்த்தால் அந்த 19 கிடைக்கும்.