கேட்பாரற்ற கருவியைக் கேட்க வைத்தவர்

இசையைக் கேட்பது வேறு. இசை காதில் விழுவது வேறு. உணவு விடுதியில் உண்ணும்போதும் பேருந்தில் செல்லும்போதும் நம் காதில் விழும் பாடல்கள் எத்தனை! வீடு திரும்பிய பின் அவற்றுள் ஒன்றையேனும் நினைவுகூர முடிகிறதா? பாடல் ஒலித்தது; நாமும் அங்கே இருந்தோம்; ஆனால் கேட்கவில்லை. இவ்வாறு கேட்பாரற்று ஒலிப்பதற்கே பெரிதும் பயன்பட்ட ஒரு கருவி மேனாட்டில் இருந்தது. அக்கருவியைக் கொண்டே, ஒரு நொடி கவனம் சிதறினாலும் பிடிபடாத இசையைப் படைத்தார் ஒருவர். அவர்தாம் கான்லன் நான்கேரோ.

அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து டெக்சர்கானா நகரில் 1912ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நான்கேரோ பிறந்தார். தந்தையார் வணிகர்; நகர மேயராகவும் இருந்தவர். அவர்கள் வீட்டில் ஒரு தானியங்கிப் பியானோ இருந்தது. யாரும் விரல் வைக்காமலேயே கட்டைகள் தாமே தாழ்ந்து எழுந்து இசைக்கும் அந்த விந்தை, சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்தது.

அக்கருவி இயங்கும் முறை எளிமையானது, ஆனால் அழகானது. நீண்ட தாள் சுருள் ஒன்றில் சுரங்களுக்கு ஏற்பத் துளைகள் இடப்பட்டிருக்கும். வரிசையாகத் துவாரங்கள் கொண்ட உலோகப் பட்டையின் மேல் அத்தாள் நகரும். காலால் மிதித்தாலோ மின்விசையாலோ துருத்திகள் காற்றை உறிஞ்சி, உள்ளே அழுத்தத்தைக் குறைக்கும். தாளின் துளை பட்டையின் துவாரத்துக்கு நேரே வந்ததும் வெளிக்காற்று உட்புகும். ஒரு வால்வு திறக்கும். அந்தச் சுரத்துக்குரிய சிறு துருத்தி சுருங்கும். சுத்தி கம்பியைத் தட்டும். எட்வின் வோட்டி என்பார் 1895இல் உருவாக்கிய பியானோலா இவ்வகைக் கருவிகளுக்கு வழிவகுத்தது. 1908இல் 88 சுரச் சுருள்கள் பொது அளவாக ஏற்கப்பட்டன. 1920களின் தொடக்கத்தில் இக்கருவி புகழின் உச்சியில் இருந்தது. காசு போட்டால் பாடும் பியானோக்கள் மதுக்கடைகளிலும் விடுதிகளிலும் நின்றன. அவை பாட, மக்கள் பேசினர், உண்டனர், சிரித்தனர். பின்னர் வானொலி வந்தது. 1929இல் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது. தானியங்கிப் பியானோ மூலையில் ஒதுங்கியது.

இளைஞர் நான்கேரோ டிரம்பெட் வாசித்தார். ஜாஸ் இசையில் தோய்ந்தார். சின்சினாட்டியில் இசை பயின்றார். பின்னர் பாஸ்டன் நகரில் ரோஜர் செஷன்ஸ், வால்டர் பிஸ்டன், நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி ஆகியோரை அடுத்துக் கற்றார். ஆனால் உலகம் அவரை இசையோடு மட்டும் இருக்க விடவில்லை. ஸ்பெயினில் பிராங்கோவின் படைகள் குடியரசைத் தாக்கியபோது, 1937இல் ஆபிரகாம் லிங்கன் படையணியில் சேர்ந்து போரிடச் சென்றார், காயமுற்றார், 1939இல் தாயகம் திரும்பினார். பொதுவுடைமைக் கொள்கையுடைய அவருக்குத் தாயகம் பாஸ்போர்ட் தர மறுத்தது. கொள்கையை விடுவதா, நாட்டை விடுவதா என்னும் நிலை! அவர் நாட்டை விட்டார். 1940இல் மெக்சிகோ சென்றவர், அந்நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டார்.

அங்கே மற்றொரு துன்பம் காத்திருந்தது. அவர் உள்ளத்தில் எழுந்த இசையில் ஒரு குரல் ஒரு வேகத்திலும் மற்றொரு குரல் வேறொரு வேகத்திலும் ஓடும். அதை வாசிக்கும் கலைஞர் கிடைப்பது அரிது. வாசிக்க முன்வந்தவர்களும் போதிய ஒத்திகையின்றித் தடுமாறினர். அப்போது, முன்பு படித்த ஒரு நூல் அவருக்குக் கைகொடுத்தது. ஹென்றி கோவெல் 1930இல் வெளியிட்ட அந்நூலில், மனிதரால் வாசிக்க இயலாத தாளங்களைத் தானியங்கிப் பியானோவின் சுருளில் துளையிட்டு ஒலிக்கச் செய்யலாம் என்னும் கருத்து இருந்தது. நான்கேரோ அதைச் செயலாக்கத் துணிந்தார்.

1947இல் குடும்பச் சொத்தில் பங்கு கிடைத்தது. அதைக் கொண்டு பியானோ வாங்கினார். துளையிடும் பொறி ஒன்றையும் செய்வித்துக்கொண்டார். பின்னர் எந்த இடத்திலும் துளை விழுமாறு அப்பொறியைத் திருத்தி அமைத்தார். அளவுகளைத் தாளில் குறித்து, ஒவ்வொரு துளையாகக் கையால் இட்டார். சில நிமிட இசைக்குப் பல மாத உழைப்பு! ஒவ்வொரு சுரமும் தனித்தெறிக்க வேண்டும் என்பதற்காகச் சுத்திகளின் தலையில் தோலும் உலோகமும் பொருத்தினார். மற்றவர் பேச்சுக்கு இடையே மென்மையாக ஒலித்த கருவி, இப்போது பேச்சை நிறுத்தச் சொன்னது.

இவ்வாறு ஏறத்தாழ ஐம்பது ஆக்கங்களைப் படைத்து, பெரும்பாலானவற்றுக்கு எண்களையே பெயராக இட்டார். ஒருவர் தொடங்கிய மெட்டையே மற்றவர் சற்றுப் பின் தொடங்கித் தொடர்ந்து செல்வதை மேனாட்டார் கேனன் என்பர். நான்கேரோ ஒவ்வொரு குரலுக்கும் தனி வேகம் கொடுத்தார். 37ஆம் ஆக்கத்தில் பன்னிரண்டு குரல்கள், பன்னிரண்டு வேகங்கள். 33ஆம் ஆக்கத்தில் இரு வேகங்களின் விகிதம் 2இன் வர்க்கமூலத்துக்கும் 2க்கும் உள்ள விகிதம். அது விகிதமுறா எண் ஆதலின், சீராகச் செல்லும் இரு தாளங்கள் ஒருமுறை சந்தித்தால் மறுமுறை சந்திக்கவே மாட்டா. 40ஆம் ஆக்கத்திலோ, நாம் கணித வகுப்பில் காணும் ஈ, பை ஆகிய எண்களின் விகிதம்! அது விகிதமுறு எண்ணா அன்றா என்பதைக் கணித அறிஞர்கள் இன்னும் நிறுவவில்லை.

இத்துணை உழைப்பையும் கேட்டவர் எத்தனை பேர்? நண்பர் சிலரே. அவருடைய சுருள்களை, அவர் திருத்தி அமைத்த பியானோக்களில் போட்டால்தான் அவர் விரும்பிய ஒலி கிடைக்கும். எனவே அவர் வீட்டுக் கூடத்துக்கே சென்று கேட்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள் ஒருவர் கேட்பாரின்றித் துளையிட்டுக் கொண்டிருந்தார் என எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

1969இல் ஓர் இசைத்தட்டு வந்தது; 1970களின் பிற்பகுதி முதல் மேலும் சில வந்தன. 1980இல் பாரிஸ் நகரக் கடையொன்றில் அவற்றைக் கண்டெடுத்த ஹங்கேரிய இசை மேதை லிகெட்டி, கேட்டு வியந்து, உலகறியப் பாராட்டினார். 1982இல் அமெரிக்காவின் மக்ஆர்தர் அறக்கட்டளை 3,00,000 டாலர் பரிசளித்தது. பாஸ்போர்ட் மறுத்த நாட்டிலிருந்தே பெருமை வந்து சேர்ந்தது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், தம் 84ஆம் வயதில், மெக்சிகோ நகரில் அவர் மறைந்தார்.

நண்பர்களே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய 21ஆம் ஆக்கத்தை முதன்முதலில் நான் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டேதான் கேட்டேன். வெறும் இரைச்சலாகப் பட்டது, நிறுத்திவிட்டேன். மறுநாள் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். கீழே மெல்ல நடந்த குரல் சிறிது சிறிதாக விரைகிறது. மேலே பறந்த குரல் சிறிது சிறிதாகத் தளர்கிறது. நடுவே இரண்டும் ஒன்றையொன்று கடந்து போகின்றன! மூன்று நிமிடம் நான் அசையவில்லை.

கருவி அதேதான், சுருளும் அதேதான், காதும் அதேதான். முதல் நாள் இல்லாதிருந்தது என் கவனம் ஒன்றே. இன்று இசை நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. விரல் பட்டால் பாடுகிறது. அதைக் காதில் விழ விடுவதா, கேட்பதா என்பது நம் கையில்தான் உள்ளது. யாரும் கேளாத நாளிலும் ஒரு துளை பிசகாமல் உழைத்த அம்மனிதருக்கு, மூன்று நிமிடம் வேறெதுவும் செய்யாமல் இருப்பதே நாம் செலுத்தும் வணக்கம்.