எண்ணும் மனமும்

நுழையும்முன்

ஒருவரை ஒரு செயலில் இடையறாது ஈடுபடுத்தும் உந்துதலை உளவியலார் ஊக்கம் என்பர். மதிப்பெண், ஊதியம், பாராட்டு ஆகியவற்றால் எழுவது புற ஊக்கம். செயலின்மீது கொண்ட விருப்பத்தாலேயே எழுவது அக ஊக்கம். அக ஊக்கம் மிக்கவரை மன அழுத்தம் அணுகாதா? கணித மேதை சீனிவாச இராமானுசனின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை தருகிறது.

அக ஊக்கம்

இராமானுசன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடைக் கணக்கர், தாயார் கோமளத்தம்மாள். பள்ளிப் பருவத்தில், கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவருக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அதில் வரிசையாக இருந்தன. விரிவான நிறுவல்கள் இல்லை. அவற்றைத் தாமே கண்டறிய முனைந்த மாணவர், நூலில் இல்லாத புதிய தேற்றங்களையும் கண்டார். தாள் வாங்கப் பொருளில்லாமையால் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார்.

கணிதத்தில் மூழ்கியவர் பிற பாடங்களைக் கைவிட்டார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரையில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் இடைநிலைத் தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டமும் பணியும் இல்லாத அந்த ஆண்டுகளிலும் குறிப்பேடுகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. பரிசு ஏதுமின்றியும் தொடர்ந்த இவ்வுழைப்பே அக ஊக்கத்தின் அடையாளம்.

மனவெழுச்சி

தோல்வி அவருடைய ஆர்வத்தைக் குறைக்கவில்லை; ஆனால் மனத்தைக் காயப்படுத்தியது. உதவித்தொகையை இழந்தபின், 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பின்னாளில் கேம்பிரிட்சில் தம் கையால் சமைத்து விருந்து படைத்தபோது, மூன்றாம் முறை பரிமாறியதை விருந்தினர் மறுத்தனர். அதனால் மனம் வருந்திய அவர், எவரிடமும் கூறாமல் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று சில நாள்கள் தங்கிவிட்டார். வருத்தத்தையும் நாணத்தையும் சொல்லால் வெளியிடாமல் இடத்தை விட்டு விலகுவது அவர் இயல்பாக இருந்தது. அடக்கிய மனவெழுச்சி மறைவதில்லை. உள்ளே தங்கிச் சுமையாகிறது.

துறைமுகத்தில் கிடைத்த துணை

மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் எனக் கடலோரமாக நீளும் வடசென்னைத் தொழிற்பகுதியின் தென்கோடியில் சென்னைத் துறைமுகம் உள்ளது. 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் இராமானுசன் அங்குக் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாத ஊதியம் 30 ரூபாய். மேலாளர் நாராயண ஐயரும் ஒரு கணித அறிஞரே. மாலை வேளைகளில் அவருடைய திருவல்லிக்கேணி இல்லத்தில் இருவரும் ஆளுக்கொரு கற்பலகையுடன் அமர்வர். இராமானுசன் தாவிச் செல்லும் படிகளைப் பிறர்க்கும் விளங்குமாறு விரித்தெழுத வேண்டும் என நாராயண ஐயர் வற்புறுத்துவார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் எழுத்தரின் ஆற்றலை உணர்ந்து அவருக்காகப் பரிந்து பேசினார்.

பசி நீங்கியது, ஆற்றலை அறிந்தோர் அருகில் இருந்தனர். 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதியனுப்பினார் இராமானுசன். அதற்கு முன் எழுதிய மடல்களால் பயன் விளையாதபோதும் அவர் தளரவில்லை. ஹார்டி வியந்து விடையெழுதினார். பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17ஆம் நாள் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

மன அழுத்தம்

ஹார்டியுடன் இணைந்து அவர் செய்த ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றவை. எண் பிரிவினைகள் பற்றிய ஆய்வு அவற்றுள் ஒன்று. 4 என்னும் எண்ணை முழு எண்களின் கூட்டலாக 5 வகைகளில் எழுதலாம். பேரெண்களுக்கு அவ்வகைகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் வாய்பாட்டை இருவரும் கண்டனர்.

ஆயினும் துறைமுக வாழ்வில் இருந்த துணை அங்கு இல்லை. உலகப்போர் மூண்டது. மரக்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று, குளிர் வருத்தியது. மனைவி ஜானகியின் மடல்கள் குடும்பப் பிணக்கால் அவரை எட்டவில்லை. 1917இல் நோயுற்று மருத்துவமனைகளில் தங்கினார். சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற, 1918இன் தொடக்கத்தில் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், நல்வாய்ப்பாகக் காப்பாற்றப்பட்டார். ஹார்டி விரைந்து வந்து சட்டச் சிக்கலிலிருந்து அவரை மீட்டார். இதனை மனவுறுதியின்மை என்று கொள்வது பிழை. தாங்கும் வலிமையை மிஞ்சிய அழுத்தம் எத்துணை ஆற்றல் உடையவரையும் வீழ்த்தும். அந்நிலையில் ஒருவருக்கு வேண்டுவது மருத்துவமும் மனிதத் துணையும் ஆகும்.

ஆளுமை

அதே ஆண்டு இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்வு பெற்ற முதல் இந்தியரும் அவரே. 1919 ஜனவரியில் தமக்கெனச் சென்னைப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய ஆண்டுத்தொகை 250 பவுண்டில், தேவைக்கு மேற்பட்டதை ஏழை மாணவர்தம் கல்விக்குச் செலவிட வேண்டினார். கட்டணம் கட்ட வழியின்றித் தவித்த இளமையை அவர் மறக்கவில்லை. எளிமை, கூச்சம், இறைப்பற்று, ஈகை என்பன அவர் ஆளுமையின் கூறுகள்.

தாயகம் திரும்பியபின் நோய்ப்படுக்கையிலும் புதிய சார்புகளை ஆராய்ந்து, 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் 32ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த நாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. இராயபுரத்தில் அவர் பெயரால் அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது.

அக ஊக்கம் இராமானுசனைக் கண்டுபிடிப்புகளுக்கு இட்டுச் சென்றது. அவ்வூக்கம் தளராமல் காத்தவர்கள் அவருடைய திறமறிந்து உடன் நின்ற மனிதர்கள்.

கற்பவை கற்றபின்...

1. அக ஊக்கம், புற ஊக்கம் ஆகியவற்றை உங்கள் வாழ்க்கை நிகழ்வுகள்கொண்டு வேறுபடுத்துக.
2. தோல்வியால் வாடும் நண்பருக்கு நீங்கள் எவ்வாறு துணை நிற்பீர்கள்? வகுப்பில் கலந்துரையாடுக.