தினைப்புனத்திலிருந்து திரைக்கு: விசுவநாததாசும் வள்ளி திருமணமும்

தியாகி விசுவநாததாஸ் 1886இல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். சாதியைக் காரணம் காட்டி நடிகையர் சிலர் உடன் நடிக்க மறுத்தபோதும் இசைநாடக மேடையில் முதன்மை நடிகராக உயர்ந்தார்.

வேடனாகவும் கிழவனாகவும் முருகன் வந்து வள்ளியிடம் ஆடும் நகைச்சுவை, வள்ளி திருமண நாடகத்தைச் சிற்றூர்தோறும் நிலைக்கச் செய்தது. அந்நாடகத் தினைப்புனத்தில் விரட்டப்படும் பறவைகளோடு வெள்ளைக் கொக்கையும் சேர்த்துப் பாடி, அதனை அந்நிய ஆட்சியின் குறியீடாக்கினார் விசுவநாததாஸ். அதனால் பலமுறை சிறை சென்றார். தமிழில் பேசும்படம் 1931இல் வந்த பின்னரும் அவர் மேடையை விடவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடியவாறே உயிர்நீத்தார்.

இதே கதை 1933இல் வள்ளி திருமணமாகவும், 1945இல் ஸ்ரீவள்ளியாகவும் திரைக்கு வந்தது. இத்தகைய படங்களின் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் பொருள்களாயின. ஆயின், மேடையில் அவ்வப்போது புனைந்து பேசியவை எவர் சேகரிப்பிலும் அடங்கா. தொடக்ககாலப் படங்களின் நாட்டுப்புறக் கவர்ச்சியை ஆராய்வோர், அவற்றுக்கு முன்னோடியான இம்மேடை மரபையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். இல்லையேல் நகைச்சுவை எஞ்சும். அதனுள் ஒலித்த எதிர்ப்புக் குரல் மறையும்.