ஃப்ரிடா காலோவின் முதுகெலும்பு: பேருந்து விபத்துக்கு முன்பே தொடங்கிய கதை

டி-ஷர்ட், காபி கப், மொபைல் கவர் என எங்கு திரும்பினாலும் அந்த முகம் இருக்கும். சேர்ந்த புருவம், தலை நிறைய பூ, நேராக நம்மையே பார்க்கும் கண்கள். மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ. அவரைத் தெரிந்த பலருக்கும் அந்தப் பேருந்து விபத்தும் தெரிந்திருக்கும். விபத்தில் முதுகெலும்பு உடைந்தது, அதனால் வாழ்நாள் முழுக்க வலி. நாம் கேள்விப்பட்ட கதை இதுதான்.

இது தப்பான கதை இல்லை. ஆனால், முழுக் கதையும் இல்லை. விபத்து நடந்து 5 ஆண்டுகள் கழித்து அவரைப் பரிசோதித்த ஒரு மருத்துவர், பிறவியிலேயே வந்த ஒரு கோளாறையும் அந்த முதுகில் பார்த்தார்.

யார் இந்த ஃப்ரிடா?

1907 ஜூலை 6-ம் தேதி, மெக்சிகோ நகரத்தை ஒட்டிய கோயோவகானில் பிறந்தார். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய புகைப்படக் கலைஞர். 6 வயதில் ஃப்ரிடாவுக்குப் போலியோ வந்தது. வலது கால் மெலிந்துபோனது. அதை மறைக்க, நீளமான பாவாடைகளை அணிவது பின்னாளில் வழக்கமானது.

ஓவியராவது அவருடைய முதல் திட்டம் கிடையாது. டாக்டராக வேண்டும் என்ற கனவோடு 1922-ல் தேசிய ஆயத்தப் பள்ளியில் சேர்ந்தார். சுமார் 2,000 மாணவர்களில் பெண்கள் 35 பேர்தான்.

1925 செப்டம்பர் 17-ம் தேதி அவர் பயணம் செய்த பேருந்து மீது டிராம் மோதியது. அப்போது அவருக்கு வயது 18. இரும்புக் கைப்பிடிக் கம்பி இடுப்பில் குத்திக் கிழித்தது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு எல்லாம் முறிந்தன. வலது காலில் மட்டும் பல முறிவுகள். பாதம் நசுங்கியது. படுக்கையில் கிடந்த மாதங்களில்தான் தூரிகையைக் கையில் எடுத்தார். படுக்கைக்கு மேலே கண்ணாடி பொருத்தப்பட்டது. அதில் தெரிந்த முகத்தையே வரையத் தொடங்கினார்.

சான் பிரான்சிஸ்கோவில் என்ன தெரிந்தது?

1929-ல் புகழ்பெற்ற சுவரோவியர் டியேகோ ரிவேராவைத் திருமணம் செய்துகொண்டார். கணவரின் ஓவியப் பணிக்காக 1930-ல் இருவரும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றனர். அங்கேதான் லியோ எலோசர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் ஃப்ரிடாவைப் பரிசோதித்தார்.

பிறவியிலேயே ஏற்பட்ட ஸ்கோலியோசிஸ், கூடவே முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய ஒரு வட்டு இல்லாதது. இதுதான் எலோசர் கண்டறிந்தது. அவர் ஃப்ரிடாவின் ஆயுள்கால நண்பரானார். 1931-ல் எலோசரின் உருவப்படத்தையும் ஃப்ரிடா வரைந்து கொடுத்தார்.

ஸ்கோலியோசிஸ் என்றால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. பின்னாலிருந்து பார்த்தால் நேர்க்கோடாக இருக்க வேண்டிய முதுகு ‘எஸ்’ அல்லது ‘சி’ போல வளைந்திருக்கும்.

ஸ்பைனா பிஃபிடா எங்கே வருகிறது?

கருவில் குழந்தையின் தண்டுவடம் முதலில் ஒரு குழாய் போல உருவாகும். கருவுற்ற முதல் 4 வாரங்களுக்குள் அந்தக் குழாய் மூடிவிட வேண்டும். முதுகுப் பகுதியில் அது சரியாக மூடாமல் போவதுதான் ஸ்பைனா பிஃபிடா. தீவிர வகையில் நரம்புகள் வெளியே பிதுங்கியிருக்கும், பிறந்தவுடனே தெரிந்துவிடும். லேசான வகையில் தோல் மூடியிருக்கும், எலும்பில் மட்டும் சின்ன இடைவெளி இருக்கும். இந்த மறைந்த வகை இருப்பது பலருக்குக் கடைசி வரை தெரியாமலே போகும். பெரும்பாலும் தொந்தரவும் இருக்காது. ஆனால், உள்ளே தண்டுவடமும் பாதிக்கப்பட்டிருந்தால் கதை வேறு.

ஃப்ரிடாவுக்கும் இது இருந்திருக்கலாம் என்று நரம்பியல் மருத்துவர்கள் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். வளைந்த முதுகு மட்டும் காரணமில்லை. அவரது வலது பாதத்தில் ஆறாத புண்கள் திரும்பத் திரும்ப வந்தன. போலியோ தசைகளை இயக்கும் நரம்புகளைத்தான் தாக்கும், தொடு உணர்வை விட்டுவிடும். உணர்வு நரம்புகள் பழுதானால்தான் இப்படிப்பட்ட புண்கள் வரும் வாய்ப்பு அதிகம். அதே நேரம், விபத்தும் நரம்புகளையும் ரத்த ஓட்டத்தையும் கெடுத்திருக்க முடியும். அதனால் இது இன்னும் விவாதத்தில் இருக்கும் கணிப்புதான், உறுதியான முடிவு அல்ல.

அப்போ, ஒரே உடம்பில் மூன்று கதைகள்: பிறவிக் கோளாறு, போலியோ, விபத்து. விபத்து அவ்வளவு பெரியது என்பதால் மற்ற இரண்டும் அதன் நிழலில் மறைந்துவிட்டன.

30 வயதுக்குப் பிறகு

வயது ஏற ஏற முதுகு மோசமானது. பிளாஸ்டர், தோல், இரும்பு என வகை வகையான கவச உடைகளை மாட்டிக்கொண்டு வாழ்ந்தார். 1944-ல் வரைந்த ‘உடைந்த தூண்’ ஓவியத்தில் முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் விரிசல் விட்ட ஒரு கல்தூண் நிற்கும். உடலைச் சுற்றி அந்தக் கவசமும் இருக்கும்.

1946-ல் நியூயார்க்கில் இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, உலோகத் தண்டும் வைத்து, முதுகெலும்புகளை இணைத்தார்கள். வலி அடங்கவில்லை. 1950-ல் சுமார் 9 மாதங்கள் மெக்சிகோ மருத்துவமனையில் கழிந்தன. எலும்பு ஒட்டிய இடத்தில் தொற்று வந்து, மீண்டும் மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள்.

1953-ல் சொந்த நாட்டில் முதல் தனிக் கண்காட்சி. எழுந்து நடக்க முடியாத நிலை. ஆம்புலன்ஸில் வந்து, அரங்கில் போட்டிருந்த தன் கட்டிலில் படுத்தபடியே விருந்தினர்களை வரவேற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில், அழுகல் பரவிய வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. 1954 ஜூலை 13-ம் தேதி, 47 வயதில் இறந்தார்.

இதில் நமக்கு என்ன இருக்கு?

ஸ்பைனா பிஃபிடாவைக் குழந்தைகளின் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது வழக்கம். ஆனால், இன்றைய சிகிச்சைகளால் அதோடு பிறந்தவர்கள் பலர் பெரியவர்களாகி வேலை, குடும்பம் என வாழ்கிறார்கள். தீவிர வகை உள்ளவர்களுக்கு ஸ்கோலியோசிஸ் அடிக்கடி வரும். வளர்ச்சி நின்ற பிறகும் அந்த வளைவு கூடலாம். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் உட்காருவதே சிரமம். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண் வரும். வளைவு அதிகமானால் மூச்சு விடுவதும் கஷ்டம்.

அதனால் குழந்தைகள் நல மருத்துவரோடு பரிசோதனை முடிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. வளைவு திடீரென அதிகமாவது, காலில் புதிதாகப் பலவீனம் அல்லது மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம். இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டு இழுபடுவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

அதே நேரம், சாதாரண முதுகுவலிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் மறைந்த வகை ஸ்பைனா பிஃபிடா என்று இருந்தால் பயந்துவிட வேண்டாம். வேறு அறிகுறி இல்லையென்றால் பெரும்பாலும் அது பிரச்சினை இல்லை.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருவுறுவதற்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தால், இந்தக் குறைபாட்டின் ஆபத்து வெகுவாகக் குறையும். பலருக்குக் கர்ப்பம் உறுதியாகும்போதே அந்த முதல் 4 வாரங்கள் முடிந்திருக்கும். முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான்.