குவார்ட்டர்பேக் இடத்தில் யார் நிற்பது? பயிற்சியாளர் எடி ராபின்சனின் வாழ்வு

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் களமிறங்கினாலும், அணியின் மூளையாகக் கருதப்படுபவர் ஒருவரே. எதிரணி நிற்கும் நிலையைப் படித்து, பந்தை யாரிடம் சேர்ப்பது என ஓரிரு நொடிகளில் முடிவெடுக்கும் அவரைக் குவார்ட்டர்பேக் என்பர். நெடுங்காலம் அந்த இடம் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஓடுவதற்கும் மோதுவதற்கும் கறுப்பின உடல்கள் தேவைப்பட்டன. சிந்திப்பதற்கு அவர்கள் தேவைப்படவில்லை. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக வென்று வந்த கறுப்பின இளைஞர்களையும் தொழில்முறை அணிகள் வேறு இடங்களுக்கு மாற்றின. உழைப்பைப் பிறப்போடு பிணைத்து, அறிவை வேறொரு சாராரின் உடைமையாக்கும் ஏற்பாட்டை அன்றாடம் காணும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எடி ராபின்சன் 1919-இல் லூசியானா மாநிலத்தின் ஜாக்சன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர்; தாய் வீட்டுவேலை செய்தவர். லீலண்ட் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிப் பட்டம் பெற்ற ராபின்சனுக்குக் கிடைத்த வேலை, பேட்டன் ரூஜ் நகரின் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலி. 1941-இல், தம் 22-ஆம் வயதில், மாதம் 63.75 டாலர் சம்பளத்தில் கிராம்பிளிங் கல்லூரியின் பயிற்சியாளரானார். அது 1901-இல் கறுப்பின உழவர்களின் முயற்சியால் பள்ளியாகத் தோன்றிய நிறுவனம்.

பயிற்சியளிப்பதோடு மைதானத்தில் புல் வெட்டுவதும், கோடு போடுவதும், நாளிதழ்களுக்கு ஆட்டச் செய்தி எழுதியனுப்புவதும் அவர் வேலையே. வெளியூர்ப் பயணங்களில் உணவகங்கள் கறுப்பினத்தவரை உள்ளே விடாததால் வீரர்களுக்கு அவரே சாண்ட்விச் செய்து எடுத்துச்சென்றார். முதலாண்டில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. மறு ஆண்டு ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணிகள் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. போர்க்காலத்தில் கல்லூரி அணி கலைந்தபோது பள்ளி அணிக்குப் பயிற்சியளித்தார். பருத்தி எடுக்க ஆள் வேண்டுமென ஒரு தந்தை தம் மகன்களை நிறுத்திக்கொள்ள, ராபின்சன் அணி முழுவதையும் வயலுக்கு அழைத்துச்சென்று பருத்தி எடுத்துக் கொடுத்து அவர்களை மீட்டார்.

1949-இல் அவருடைய மாணவர் டேங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து தேசியக் கால்பந்து லீகில் ஆடிய முதல் வீரர் அவர். அவரைத் தொடர்ந்து கிராம்பிளிங்கிலிருந்து 200-க்கும் மேற்பட்டோர் தொழில்முறை ஆட்டக்காரர்களாயினர். ஆயினும் குவார்ட்டர்பேக் இடம் மட்டும் பூட்டியே கிடந்தது. 1960-களில் ராபின்சன் அதைத் திட்டமிட்டே குறிவைத்தார். ஜேம்ஸ் ஹாரிஸ் என்னும் மாணவரை அந்த இடத்துக்கென்றே வளர்த்தார். எவர் சொன்னாலும் இடம் மாற இசையாதிருக்கும் உறுதியையும் ஊட்டினார். 1969-இல் பஃபலோ பில்ஸ் அணியின் முதல் ஆட்டத்தையே ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கினார். 1988 ஜனவரியில் ராபின்சனின் இன்னொரு மாணவரான டக் வில்லியம்ஸ், வாஷிங்டன் அணியை 42-10 என்ற கணக்கில் சூப்பர் பவுல் வெற்றிக்கு நடத்திச்சென்று ஆட்டநாயகனுமானார்.

ராபின்சன் கிளர்ச்சியாளர் அல்லர். அமெரிக்க தேசத்தின்மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கை நமக்கு மிகையாகவே படுகிறது. 1967-இல் கிராம்பிளிங் மாணவர்களே, கல்வியைவிடக் கால்பந்துக்கு முதன்மை தரப்படுவதை எதிர்த்துப் போராடினர், சிலர் நீக்கவும்பட்டனர். அம்மாணவர்களின் கேள்வி நியாயமானது. ராபின்சனின் புகழைப் பேசுவோர் அதை எளிதாகக் கடந்துவிடுகின்றனர்.

1985-இல் தம் 324-ஆவது வெற்றியால் அலபாமாவின் பேர் பிரையன்ட் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். பிரையன்டின் அணியில் கறுப்பின வீரர்கள் ஆட்டமிறங்கியதே 1971-இல்தான். அதன்பின் தெற்கத்திய வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின இளைஞர்களைத் தேடித்தேடி எடுத்தன. கறுப்பினக் கல்லூரிகளின் அணிகள் மெலிந்தன. வீரர்களுக்குத் திறந்த வாசல் பயிற்சியாளர்களுக்குத் திறக்கவில்லை. முதல்நிலைப் பிரிவின் பல்கலைக்கழகமொன்று கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரை அமர்த்தியது 1979-இல். விசிட்டா ஸ்டேட் அமர்த்திய வில்லி ஜெஃப்ரிஸ்தான் அவர். அப்போது ராபின்சனுக்கு வயது 60.

கடைசி மூன்று பருவங்களிலும் வெற்றியைவிடத் தோல்வியே மிகுதி. 1997-இல் 408 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார். 2007 ஏப்ரலில் மறைந்தார். கிராம்பிளிங்கில் அவர் விட்டுச்சென்ற பொறுப்பை 1998-இல் ஏற்றவர் டக் வில்லியம்ஸ்.